நாடுகள் கூடும் சபையில் நம் பெண்கள்



வரலாறு என்றவுடன் அரசர்களும் படைகளும் கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறு வகை வரலாறு. நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே எழும் வழக்குகளையும் வாணிபத்தையும், போரையும் அமைதியையும் பேசித் தீர்க்கும் மேசை ஒன்று உண்டு. அந்த மேசையில் நெடுங்காலம் ஆண்களே உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள், வந்த பிறகு எவ்வாறு மேலே ஏறினார்கள், எந்த இடத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள் என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

பால்மரம் சீவிப் பிழைத்த குடும்பங்களுக்கும் தூதர்கள் பேசும் மேசைக்கும் என்ன தொடர்பு என்று லாபுவிலும் லிங்கியிலும் பகாவிலும் உள்ள நம் தாய்மார்கள் கேட்கலாம். தொடர்பு மிக நெருக்கமானது. 1934-ஆம் ஆண்டில் லண்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. எந்த நாடு எவ்வளவு ரப்பரை ஏற்றுமதி செய்யலாம் என்று அது அளவு வகுத்தது. அந்த அளவு குறைந்தால் இங்கே நெகிரி செம்பிலான் தோட்டத்தில் வெட்டுக்கு விடும் மரம் குறையும். மரம் குறைந்தால் பெரட்டில் கூப்பிடும் பெயரும் குறையும். பின்னர் 1979-இல் இயற்கை ரப்பருக்காக மற்றோர் அனைத்துலக உடன்படிக்கை பிறந்தது. அதை நடத்திய நிறுவனத்தின் தலைமையகம் நம் கோலாலம்பூரிலேயே இருந்தது; 1999-இல் அது கலைக்கப்பட்டது. ஆக, எங்கோ தொலைவில் நடந்த பேச்சு நம் வீட்டு அரிசிப் பானையைத் தொட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

நம் முன்னோர் இந்த மண்ணுக்கு வந்ததும் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையே இருந்த ஏற்பாட்டினால்தான். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்தார். கப்பல் கட்டணத்தைக் குடியேற்ற நிதி கட்டியது. இந்திய அரசாங்கத்தின் சட்டம் அதற்கு அனுமதி தந்தது. அந்த அனுமதியை இந்தியா 1938 ஜூன் மாதம் நிறுத்தியவுடன் கங்காணி வழி வந்த கூட்டமும் நின்றுபோயிற்று.

அந்தக் காலத்து ஏற்பாடுகளில் பெண்களின் நிலை என்ன? 1920களின் இறுதியில் அரசாங்கம் வகுத்த நிலைக்கூலியின்படி, பல மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டு, அதே காட்டில் அதே கத்தியைப் பிடித்த பெண்ணுக்குப் பத்துக் காசு குறைவு. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாத் தோட்டத் தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்து அறிக்கை தரும்படி இந்திய அரசாங்கம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரை அனுப்பிவைத்தது. துணைக்கு ஓர் ஆங்கில அதிகாரி வந்தார். சாஸ்திரியார் பேரறிஞர், நாவன்மை மிக்கவர், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வந்த இருவருமே ஆண்கள். பேறுகாலத்துத் துன்பத்தையும், தண்ணீர்க் குழாயடியில் கழியும் பொழுதையும், குடிகாரக் கணவனின் கைக்குக் கூலி போய்ச் சேருவதையும் ஒரு பெண்ணிடம் பெண் கேட்டறியும் வாய்ப்பு அன்று அமையவில்லை.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். பெண் உட்கார்ந்தால் எல்லாம் நன்மையாக முடியும் என்பதன்று நம் கருத்து. வீட்டில் பாதிப்பேரின் அனுபவத்தைக் கேளாமல் எடுத்த முடிவு அரைகுறையாகத்தான் இருக்கும் என்பதே நம் கருத்து.

இரண்டாம் உலகப்போர் இந்த நிலையைக் கொஞ்சம் அசைத்தது. 1943-ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜான்சி ராணிப் படையை அமைத்தார். அதன் தலைவி, சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவத் தொழில் செய்துவந்த டாக்டர் லட்சுமி. அதே ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தில் அவர் அமைச்சராகவும் இருந்தார். படையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டத்துப் பெண்கள் பலர். பால்வாளி சுமந்த தோளில் துப்பாக்கி ஏறியது. அந்தப் படையிலிருந்து திரும்பியவர்களில் ஜானகி ஆதி நாகப்பன் ம.இ.கா.வின் தொடக்க காலத்தவராகிப் பின்னர் மேலவை உறுப்பினரானார். மற்றொருவர் இராசம்மா பூபாலன். அவர் 1960-இல் ஆசிரியைகளுக்கென்று தனிச்சங்கம் கண்டு, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடியவர்.

1945-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஐம்பது நாடுகள் கூடி ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் சாசனத்தை எழுதின. நூற்றுக்கணக்கான பேராளர்கள் கூடிய அந்த மாநாட்டில் சாசனத்தில் கையெழுத்திட்ட பெண்கள் நால்வர்தான். பிரேசில், சீனா, டொமினிக்கன் குடியரசு, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் அவர்கள். நால்வர்தானே என்று நினைக்கவேண்டாம். ஆணும் பெண்ணும் சம உரிமை உடையவர்கள் என்ற சொற்கள் அந்தச் சாசனத்தின் முகவுரையிலேயே இடம்பெற்றிருக்கின்றன. மூன்றாண்டு கழித்து மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, அதன் முதல் விதியில் ஆண்களை மட்டும் குறிப்பதுபோல் இருந்த சொல்லை மாற்றி, மனிதர் அனைவரும் என்று எழுதச் செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. ஒரு சொல்தான் மாறியது. ஆனால் உலகத்தின் பாதிப்பேர் அதனால் உள்ளே வந்தார்கள்.

1953-ஆம் ஆண்டில் விஜயலட்சுமி பண்டிட் ஐ.நா. பொதுச்சபையின் தலைவரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதற்பெண் அவரே. ஆனால் அடுத்த பெண் வருவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. 1969-இல் லைபீரியாவின் ஆஞ்சி புருக்ஸ் வந்தார். மூன்றாவது பெண் வந்தது 2006-இல். ஒருவர் கதவைத் திறந்துவிட்டார் என்பதற்காகக் கதவு திறந்தபடியே இருந்துவிடுவதில்லை, காற்றடித்தால் மூடிக்கொள்கிறது. இந்த உண்மையை நாம் மறக்கக்கூடாது.

விஜயலட்சுமி பண்டிட் பெரிய அரசியல் குடும்பத்தில் பிறந்தவர். பிரதமர் நேருவின் தங்கை. அப்படிப்பட்ட பின்னணி எதுவுமின்றி, தேர்வு எழுதி, கீழ்ப்படியிலிருந்து ஏறவேண்டிய பெண்ணின் கதை வேறு. அதற்கு நல்ல சான்று சி. பி. முத்தம்மா.

முத்தம்மா 1924-இல் குடகு நாட்டில் விராஜ்பேட்டையில் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். நான்கு பிள்ளைகளையும் படிக்கவைத்தே தீருவது என்று அவருடைய தாய் உறுதி கொண்டார். முத்தம்மா சென்னைக்கு வந்து பெண்கள் கிறித்தவக் கல்லூரியிலும் பிறகு மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். இந்தியா விடுதலை பெற்ற மறு ஆண்டில், நாட்டின் மிக உயர்ந்த அரசுப் பணித் தேர்வில் வெற்றி பெற்றார். 1949-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதற்பெண் ஆனார்.

தேர்வில் வென்றதோடு தொல்லை தீரவில்லை. இது பெண்ணுக்கு ஏற்ற வேலையன்று என்று நேர்முகத் தேர்விலேயே அவர் மனத்தைக் கலைக்கப் பார்த்தார்கள். அவர் கலையவில்லை. வேலையில் சேரும்போது, திருமணம் செய்துகொண்டால் பணியிலிருந்து விலகிவிடுவதாக எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. ஆண் அதிகாரிக்கு அப்படி ஒரு கட்டளை இல்லை. 1961-இல் எழுதப்பட்ட பணி விதிகளிலும் அந்தப் பாகுபாடு தொடர்ந்தது. பெண் அதிகாரி திருமணத்துக்கு முன் அரசாங்கத்திடம் எழுத்து மூலம் அனுமதி பெறவேண்டும். குடும்பப் பொறுப்பு வேலைக்கு இடையூறு என்று அரசாங்கம் கருதினால், திருமணமான பின் அவரைப் பதவி விலகச் சொல்லலாம். மணமான பெண், பணியில் சேர்த்துக்கொள்ளும்படி உரிமையோடு கேட்கவும் முடியாது.

இந்தப் பழக்கம் இந்தியாவில் மட்டும் இருந்ததன்று. பெண்களைத் தூதரகப் பணியில் சேர்க்க பிரிட்டன் இணங்கியதே 1946-இல்தான். அங்கும் மணமான பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற தடை 1973 வரை நீடித்தது. அமெரிக்காவிலும் 1970களின் தொடக்கம் வரை இந்த வழக்கமே இருந்தது. அதாவது, ஆண் தூதருக்கு மனைவி துணை; பெண் தூதருக்குக் கணவன் தடை. இப்படித்தான் உலகத்தின் பெரிய நாடுகளே எண்ணிக்கொண்டிருந்தன.

முத்தம்மா திருமணம் செய்துகொள்ளவில்லை. பாரீஸ் தூதரகத்தில் தொடங்கிப் பல நாடுகளில் பணியாற்றினார். 1970-இல் ஹங்கேரி நாட்டுக்குத் தூதராக அனுப்பப்பட்டார். தேர்வெழுதிப் படிப்படியாக ஏறி அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியப் பெண் அவரே. ஆனால் அதற்கு மேலுள்ள படிக்கு வந்தபோது ஏணி நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் பணியில் சேர்ந்த ஆண்கள் அவரைத் தாண்டி மேலே போனார்கள். அவருக்குப் பதவி உயர்வு மறுக்கப்பட்டது.

இங்கேதான் முத்தம்மாவின் துணிவைப் பார்க்கிறோம். பணியில் இருந்துகொண்டே அவர் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கு விசாரணைக்கு வருமுன்பே அரசாங்கம் அவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. வழக்கை விட்டுவிடுவார் என்று எண்ணியிருப்பார்கள். 1979-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தீர்ப்பு வழங்கினார். பதவி உயர்வு கிடைத்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டது. ஆயினும் நீதிபதி அத்தோடு நிற்கவில்லை. குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்கு இடையூறு என்றால் ஆணின் வேலைக்கும் அது இடையூறுதானே என்று கேட்டார். அந்த விதிகள் பெண்ணைத் தாழ்த்துபவை, அரசியல் சட்டத்தின் சமத்துவக் கொள்கைக்கு முரணானவை என்று கடிந்துரைத்தார். அத்தகைய விதிகளை நீக்கவும், முத்தம்மாவின் பணிமூப்பை மறுபடி ஆராயவும் வழிகாட்டினார். 2001-ஆம் ஆண்டில் இந்திய வெளியுறவுத் துறையின் தலைமைச் செயலாளராக முதன்முறையாக ஒரு பெண், சொக்கிலா ஐயர், அமர்ந்தார். அவர் நடந்து போன பாதையில் முத்தம்மா வெட்டியெறிந்த முட்கள் இல்லை. முத்தம்மா 2009-இல் காலமானார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவின் முதற்பெண் தூதர் பினாங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் பி. ஜி. லிம். தொழிற்சங்கங்களுக்காக நீதிமன்றங்களில் வாதாடியவர் அவர். 1971-இல் ஐ.நா.வில் மலேசியாவின் துணை நிரந்தரப் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். பின்னர் யூகோஸ்லாவியாவிலும் ஆஸ்திரியாவிலும் பெல்ஜியத்திலும் தூதராக இருந்தார். தொழிலாளி வழக்கைப் பேசிய அதே நாக்கு நாட்டின் வழக்கையும் பேசியது.

நம் சிரம்பானிலேயே பிறந்த ஒருவரையும் சொல்லவேண்டும். அவர் மஸ்லான் ஒஸ்மான். 1951-இல் பிறந்து, சிரம்பானில் இருந்த துங்கு குர்ஷியா கல்லூரியில் பயின்று, நியூசிலாந்து நாட்டுக்குப் போய் இயற்பியல் படித்தார். அங்கே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற முதற்பெண் அவர்தான். பின்னர் வியன்னாவில் உள்ள ஐ.நா.வின் விண்வெளி அலுவலகத்துக்கு இருமுறை இயக்குநராக நியமிக்கப்பட்டார். நிலம் தாய்வழியாக மகளுக்குப் போகும் பெர்ப்பாத்தே வழக்கம் உள்ள மாநிலம் நெகிரி செம்பிலான். அந்த மாநிலத்து மகள் ஒருத்தி, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத வானவெளியைப் பற்றி எல்லா நாடுகளையும் கூட்டிப் பேசவைத்தார் என்பது நமக்கெல்லாம் பெருமை தருவது.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது நவநீதம் பிள்ளையின் வரலாறு. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன முதல் கூட்டம் அதில் இருந்தது. 1911-க்குள் ஏறத்தாழ 1,52,000 பேர் அவ்வாறு போனார்கள். நமக்குப் பால்மரம், அவர்களுக்குக் கரும்பு. மற்றப்படி கதை ஒன்றுதான். அந்த வழியில் வந்த தமிழ்க் குடும்பம் ஒன்றில், 1941-இல் டர்பனில், ஒரு பேருந்து ஓட்டுநரின் மகளாகப் பிறந்தவர் நவநீதம்.

ஆறு வயதில் தந்தையின் சம்பளப் பணத்தை எடுத்துச் சென்றபோது ஒருவன் அதைப் பறித்துக்கொண்டான். அந்தச் சிறுமி நீதிமன்றத்தில் சாட்சி சொன்னாள். திருடனுக்குத் தண்டனை கிடைத்தது. பணம் திரும்பக் கிடைக்கவில்லை. நீதி என்பது என்ன என்ற கேள்வி அப்போதே அவர் மனத்தில் விழுந்தது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். பதினாறு வயதில் அவர் எழுதிய ஒரு கட்டுரையைப் பாராட்டி, டர்பனில் இருந்த இந்தியர்கள் தங்களுக்குள் பணம் திரட்டி அவரைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். தாமே ஏழைகளாக இருந்த மக்கள், ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்காகக் காசு போட்டார்கள். அந்தக் காசு என்ன விளைச்சல் தந்தது என்பதைக் கேளுங்கள்.

சட்டம் படித்து முடித்த அவருக்கு எந்த வழக்கறிஞர் நிறுவனமும் வேலை தரவில்லை. வெள்ளையர் அல்லாத பெண்ணிடம் வேலை கற்பதும், அவர் சொல் கேட்பதும் அந்த நாட்டில் அன்று நினைத்துப் பார்க்க முடியாதவை. 1967-இல் அவர் தாமே ஓர் அலுவலகம் திறந்தார். நேட்டாலில் அப்படிச் செய்த முதல் வெள்ளையரல்லாத பெண் அவர். இருபத்தெட்டு ஆண்டு வழக்கறிஞராக இருந்தும், நிறத்தின் காரணமாக நீதிபதியின் அறைக்குள் அடியெடுத்து வைக்க அவருக்கு அனுமதியில்லை. ஆனாலும் 1973-இல் ராபன் தீவுச் சிறையில் இருந்த அரசியல் கைதிகள் வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமையை அவர் வாதாடிப் பெற்றுத் தந்தார். குடும்பத்தையும் நடத்திக்கொண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின், 1995-இல், எந்த அறைக்குள் நுழையக்கூடாதோ அதே அறையில் நீதிபதியாக உட்கார்ந்தார்.

அதே ஆண்டு ஐ.நா. அவரை உருவாண்டா நாட்டுக்கான அனைத்துலகக் குற்றவியல் மன்றத்துக்கு நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. 1994-இல் அந்த நாட்டில் சில மாதங்களுக்குள் இலட்சக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். மன்றத்தின் முதல் நான்கு ஆண்டுகளில் அங்கிருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. அக்காயேசு என்ற நகராட்சித் தலைவன் மீது முதலில் எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையில் பெண்களுக்கு இழைக்கப்பட்ட பாலியல் வன்கொடுமை இடம்பெறவே இல்லை. சாட்சி சொல்ல வந்த பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத் தொடங்கினார்கள். மூன்று நீதிபதிகளில் ஒருவராக இருந்த அவர் அதைப் பொறுமையோடும் மரியாதையோடும் கேட்டு, மேலும் விசாரித்தார். குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2-ஆம் நாள் வந்த தீர்ப்பு, அத்தகைய வன்கொடுமையும் இனப்படுகொலையின் ஒரு பகுதியாகும் என்று உலக வரலாற்றில் முதன்முதலாகக் கூறியது. போர் என்றால் இப்படியெல்லாம் நடக்கத்தான் செய்யும் என்று அதுவரை தள்ளிவிடப்பட்டது குற்றமாயிற்று.

சாஸ்திரியார் காலத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள், நேயர்களே. கேட்பவர் இருந்தால்தான் சொல்பவரின் வாய் திறக்கும். கேட்பவராக ஒரு பெண் உட்கார்ந்திருந்தபோது என்ன நடந்தது என்பதற்கு அக்காயேசு வழக்கு அழியாத சான்று. நவநீதம் பிள்ளை பின்னர் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தின் நீதிபதியாகவும், 2008 முதல் 2014 வரை ஐ.நா.வின் மனித உரிமை ஆணையராகவும் உயர்ந்தார். இலங்கைத் தமிழரான இராதிகா குமாரசாமி 1994 முதல் 2003 வரை பெண்களுக்கு எதிரான வன்முறையை ஆராயும் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளராகவும், 2006 முதல் 2012 வரை போரில் சிக்கிய குழந்தைகளுக்கான சிறப்புப் பிரதிநிதியாகவும் இருந்ததையும் இத்தோடு சேர்த்து நினைக்கவேண்டும்.

இவ்வளவும் நடந்த பின்பு கணக்குத் தீர்ந்துவிட்டதா? இல்லை. 1945 முதல் 2025 வரை எண்பது ஆண்டுகளில் ஐ.நா.வின் தலைமைச் செயலாளர் பதவியை வகித்தவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் ஆண்கள். மலேசியாவும் 1957 முதல் 2025 வரை ஒரு பெண்ணை வெளியுறவு அமைச்சராகக் கண்டதில்லை. சட்டங்கள் மெல்ல மாறியிருக்கின்றன. பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் மலேசியா 1995-இல் சேர்ந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் பற்றிய அனைத்துலகத் தொழில் நிறுவனத்தின் 1951-ஆம் ஆண்டு உடன்பாட்டை 1997-இல் ஏற்றுக்கொண்டது. 2001-இல் நம் அரசியல் சட்டத்தின் எட்டாவது விதியில், ஆண் பெண் என்ற காரணத்தால் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சொல்லும் சேர்ந்தது. அந்தப் பத்துக் காசு வேற்றுமையை உலகமே கூடிக் குற்றம் என்று சொல்ல இத்தனை காலம் ஆயிற்று.

நெகிரி செம்பிலான் தோட்டங்களும் மாறிவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துவிட்டன. பல குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆனால் வீட்டுக்குள் ஒரு பழக்கம் மட்டும் இடம் மாறாமல் கூடவே வந்துவிட்டது. தம்பி படிக்கட்டும், அக்காள் வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும் என்னும் பழக்கம் அது. முத்தம்மாவுக்கு எதிராக எழுதப்பட்ட விதி அரசாங்கத் தாளில் இருந்தது; அதை நீதிமன்றத்தில் காட்டி வாதாட முடிந்தது. நம் வீட்டு விதி எந்தத் தாளிலும் இல்லை. அதனால் அதை நாமேதான் கண்டுபிடித்து அழிக்கவேண்டும்.

போருக்குப் பின் இதே நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளரிடையே சங்கம் கட்டியவர்களில் ஒருவரான பி. பி. நாராயணன், 1975-இல் அனைத்துலகச் சுதந்திரத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். தோட்டத்துக் கூட்டத்தில் பேசிப் பழகிய குரல் உலக மன்றத்திலும் ஒலித்தது. சங்கக் கிளைக் கூட்டத்திலும், பள்ளிப் பெற்றோர் சங்கத்திலும், கோயில் நிர்வாகத்திலும் எழுந்து நின்று தன் கருத்தைச் சொல்லப் பழகும் பெண்ணுக்கும் அந்தப் பாதை இருக்கிறது. பேச்சுக்கு முதல் பயிற்சிக்களம் நம் ஊர்க் கூட்டம்தான்.

நம் வீட்டுப் பெண்பிள்ளை ஐந்தாம் படிவத்தோடு நிற்காமல் மேலே படிக்கட்டும். தமிழோடு மலாயும் ஆங்கிலமும் பிழையறக் கற்கட்டும். செய்தித்தாளில் வெளிநாட்டுச் செய்தியையும் படித்து, அது ஏன் என்று கேட்கட்டும். பணம் போதவில்லை என்றால், டர்பன் மக்கள் செய்ததுபோல் பத்து வீடு சேர்ந்து ஒரு பிள்ளையை அனுப்பலாம். நவநீதத்தின் படிப்புக்குக் காசு கொடுத்த அந்த ஏழைகளில் ஒருவர்கூட, அவர் உருவாண்டாப் பெண்களுக்கு நீதி வழங்குவார் என்று அன்று எண்ணியிருக்க முடியாது. படிக்கவேண்டிய பிள்ளை படிக்கட்டும் என்று மட்டுமே அவர்கள் எண்ணினார்கள். அது போதுமானதாக இருந்தது.